குறுக்கே அடுக்கிய சாக்குகள்

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

மாவடிப்பள்ளியில் மழை இறங்கிவிட்டது. நமது பயிர் தப்பிவிட்டது. நீங்கள் றியாத்தில் கவலைப்படாமல் வேலை செய்யுங்கள். பிள்ளைகள் சுகம்.

ஐப்பசி முழுக்கத் துளி விழவில்லை. நமது மேட்டுக் காணிக்குத் தண்ணீர் ஏறட்டும் என்று வாய்க்காலுக்குக் குறுக்கே மணல் சாக்குகளை அடுக்கியிருந்தேன். மழை தொடங்கியதும், பக்கத்துப் பள்ளக் காணிக்காரர் கந்தப்போடி அண்ணன் வந்தார்.

"தங்கச்சி, சாக்க எடுப்பமா? என்ட வயலுக்குள்ள தண்ணி ஏறுது."

"கொஞ்சம் பொறுங்க அண்ணன், எங்கட பயிர் இப்பதான் குடிக்குது" என்றேன்.

ஒருவர் கட்டியதை அவர் சொல்லாமல் மற்றவர் தொடுவதில்லை. நம் வயல்வெளி வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வந்து, தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி உறங்கிப்போனேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படி ஒரு நல்ல உறக்கம், மச்சான். எழும்பிப் போய்ப் பார்த்தபோது வெள்ளம் சாக்குகளையே இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதுவரைக்கும் அவர் மண்வெட்டியோடு மழையில் நின்றாராம். சாக்கில் கை வைக்கவில்லையாம்.

அவருடைய வயலில் இப்போது சேறு மட்டும்தான் தெரிகிறது.

நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் போட்டால் நல்லது. என்ன எழுதுவதென்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்று காலை அவர் நம் சாக்குகளைத் தேடியெடுத்து, கழுவி, மடித்துக் கொண்டுவந்து தந்தார்.

"இன்னும் ஈரம் காயல்ல தங்கச்சி, வெயில்ல போடுங்க."

ஓம் என்று வாங்கினேன். வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. இன்னும் அவற்றை விரிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் உம்மா