இரண்டாவது கை

திண்டுக்கல்,
வியாழக்கிழமை

அன்புள்ள காதர் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். ஷார்ஜாவில் நீயும் மகள் ரஃபியாவும் புதுப் பேத்தியும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், மருமகன் வரைக்கும் கேட்கும். அதனால்தான் நாளை விமானம் ஏறும் இஷாக்கிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆபரேஷன் செய்த கண் தெளிந்துவிட்டது. சொட்டு மருந்து தவறாமல் விடுகிறேன்.

விஷயம் பவித்ராவைப் பற்றி. நம் வெங்காய மண்டியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிற கன்னிவாடிப் பெண். வாயே திறக்காது என்று நீயே சொல்வாய். நான் வீட்டில் கிடந்த பத்து நாளும் அவள்தான் மூட்டை பார்த்துத் தரம் சொன்னாள். மூட்டை தூக்கும் முத்துச்சாமி வந்து, "பாய், அந்தம்மா சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. நீங்க இன்னும் ரெண்டு வாரம் படுத்துக்கங்க" என்று கேலி செய்தான். எனக்கும் சந்தோஷம்தான்.

செவ்வாய்க்கிழமை மண்டிக்குப் போனேன். எரியோட்டு விவசாயி ஒச்சப்பன் சின்ன வெங்காயம் இறக்கியிருந்தார். பவித்ரா மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம், இரண்டாம் தரம் என்றாள். "ஏம்மா, பத்து நாள்ல அம்புட்டும் படிச்சிட்டியாக்கும்" என்றார் ஒச்சப்பன். "பத்து நாளா உங்க வெங்காயந்தாண்ணே சொல்லிக் குடுத்துச்சு" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்துபோய் அதே மூட்டைக்குள் கைவிட்டேன். ஈரம்தான். இரண்டாம் தரம் என்றேன். பாய் சொன்னால் சரி என்று ஒச்சப்பன் ஒத்துக்கொண்டார்.

பவித்ரா கையைத் துடைத்தாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, அவள் வேறு வேலை தேடுகிறாள் என்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? மாற்றிச் சொல்லியிருந்தால் கோபப்படுவது நியாயம். முத்துச்சாமியைக் கேட்டேன். "ஒருத்தர் பாத்த மூட்டையில இன்னொருத்தர் கைவிட்டா மார்க்கெட்ல என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா பாய்?" என்றவன் செத்த நேரம்கூட நிற்கவில்லை.

தெரியும். முதலில் பார்த்தவர் சொன்னது செல்லாது என்று அர்த்தம். நான் பார்த்த மூட்டையில் கைவிட்ட ஒருவரோடு இருபது வருஷமாக எனக்குப் பேச்சில்லை. ஆனால் அது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் உள்ளது. நம் கடை ஆளுக்கு நான் துணைக்குப் போனால் அதுவும் இதுவும் ஒன்றா? காலையில் அவள் மேல் தப்பு என்று தோன்றுகிறது. மத்தியானம் என் மேல் என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை ஒச்சப்பன் மறுபடி லோடு கொண்டுவருகிறார். பவித்ராதான் வந்து தரம் சொல்லும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அது வராட்டி?" என்றார். அதற்குத்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ அவளுக்கு ஒரு போன் போடு. பாய்க்குக் கண் தெளிய இன்னும் ரெண்டு மாசம் ஆகும், மண்டிப் பக்கம் போகக் கூடாதாம், அதுவரைக்கும் நீதான் தரம் சொல்லணும் என்று சொல். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பேத்திக்கு என் துஆ. அவள் வளர்ந்து ஒரு வேலைக்குப் போய், இது இப்படித்தான் என்று சொல்லும்போது, கேட்கிறவர் தன் கையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். ஆமீன்.

உன்,
ஜெகபர் அலி