கையில் பிடித்த சப்பாத்து

அன்புள்ள உம்மாவுக்கு, இஸ்ஸதீன் ஸலாத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

எனக்குப் பார்த்த பெண் ஆயிஷாவின் வீட்டார் கேட்ட முழு உருவப் படம் இத்துடன் இருக்கிறது. கடை முதலாளி தந்தது இரண்டே நாள் லீவு. மண் சரிந்து பஸ் ஓடாததால் அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியாவுக்கு நடந்தேன். விடியுமுன் சுபஹுக்குப் புறப்பட்டு, பின்னேரம் அஸருக்குப் போய்ச் சேர்ந்தேன். புதுச் சப்பாத்து சேறாகாமல் கையிலேயே தூக்கிப் போனேன். ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தால், வீங்கிய கால் உள்ளே போகவே இல்லை! படம் பிடிப்பவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கையிலயே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க தம்பி!"

அப்படியே நின்றேன்.

நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கடைச் சோறு இறங்குவதில்லை. தபால் பையைக் கட்டப்போகிறார்கள், முடிக்கிறேன்.

வெறுங்காலைப் பார்த்து ஆயிஷா வீட்டில் சிரித்தால் சொல்லுங்கள்: படத்துக்கே இவ்வளவு நடந்தவன், பெண்ணுக்கு எவ்வளவு நடப்பான்!

உங்கள் மகன்,
இஸ்ஸதீன்