நல்ல நேரத்துக்குப் போட்ட துண்டு ஒயர்

ஜூன் 5, வியாழன்

ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. சாக்கோட்டையில் பஞ்சவர்ணம் அக்கா வீட்டில் கரண்ட் அடுப்பு மாட்டும் வேலை. கோயம்புத்தூரிலிருந்து மகள் கவிதா வாங்கி அனுப்பியது. மேலே நாலு இரும்புத் தட்டு, கீழே ஓவன், உடம்பு முழுக்கத் தகடு. தூக்குவதற்கு மூன்று ஆள்.

அக்காவுக்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு காய்ச்சலில் மூக்கு வாசனை போய்விட்டது. போன மாதம் கேஸ் திறந்தே கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து சொல்லித்தான் தெரியும். அதிலிருந்து மகளுக்குத் தூக்கமில்லை. கேஸ் வேண்டவே வேண்டாம் என்று இதை அனுப்பிவிட்டாள். சரியான முடிவுதான்.

தனி லைன், ஆறு எம்எம் ஒயர், முப்பத்திரண்டு ஆம்பியர் சுவிட்ச். சுத்தமான வேலை. கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் எர்த் குழிதான் மோசம். கொல்லையில் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் ஊற்றி எத்தனை வருஷமோ. புதுக்குழி தோண்டி உப்பும் கரியும் போட வேண்டும். முத்தையா அண்ணனிடம் (அக்கா வீட்டுக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்) சொன்னேன். "செய்வோம்ப்பா, மொதல்ல பால் பொங்கட்டும்" என்றார்.

நல்ல நேரம் 10.45 முதல் 11.45. அதற்குள் புது அடுப்பில் பால் பொங்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது. கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்ற வெட்டிவிடும் பெட்டி அது. தூக்கிவிட்டேன், விழுந்தது. மறுபடியும் விழுந்தது. குடோனில் கிடந்த அடுப்பு, உள்ளே சூடேறும் காயிலில் ஈரம் இருக்கும். வெயிலில் வைத்து உலர்த்தி, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அதற்கு அரை நாள் பிடிக்கும்.

மணி 11.20. அண்ணன் வாட்சைத் தட்டிக்கொண்டே நிற்கிறார். "என்னப்பா, நேரம் போவுது. இன்னைக்குப் பால் பொங்கலைன்னா இவ பச்சத்தண்ணி குடிக்க மாட்டா."

ரெண்டு துண்டு ஒயர் வெட்டி அந்தப் பெட்டிக்குக் குறுக்கே போட்டேன். கரண்ட் அதைத் தொடாமலே அடுப்புக்குப் போனது. 11.38க்குப் பால் பொங்கியது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் ஒரு டம்ளர்.

சாயங்காலம் வந்து எடுத்துவிடலாம் என்றிருந்தேன். வேறொரு வீட்டில் மூன்றாவது மாடி மோட்டார் வேலை இழுத்துவிட்டது. நாளைக்கு.

அக்காவிடம் சொன்னவை:
தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. ஆறின பிறகு பிழிந்த ஈரத்துணி, அவ்வளவுதான்.
தட்டையான பாத்திரம் மட்டும். மண்சட்டி, குழிக்கடாய் கூடாது.
அணைத்த பிறகும் தட்டு அரை மணி நேரம் சுடும். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்று கை வைக்கக் கூடாது.
வேலை முடிந்ததும் சுவரில் மெயினையும் அணைக்க வேண்டும்.
ஈரக்கையோடு தொடக் கூடாது. காலில் செருப்பு.

கடைசியதற்குத்தான் சண்டை. "அடுப்படிக்குள்ள செருப்பா? லெச்சுமி இருக்கிற எடம் தம்பி. நல்லாத்தேன் சொல்ற." ரப்பர் விரிப்பாவது வாங்கிப் போடுங்கள் என்றேன். சரி என்றார்கள்.

ஆர்சிசிபி விஷயம் சொல்லவில்லை. நாளைக்கே எடுத்துவிடப் போகிற ஒயர், எதற்குப் பயமுறுத்துவது?

ஜூன் 7, சனி

இளையாத்தங்குடி. நாலு ஃபேன், ஒரு மோட்டார் ஸ்டார்ட்டர். நாய் துரத்தியது. வேட்டி போச்சு.

அக்கா போன். "கொழம்பு கொதிக்க நேரமாவுது தம்பி. ஆனா கொதிச்சுட்டா கடைசிவரைக்கும் கொதிக்குது." டீச்சர்கள் ஐந்து பேருக்கு மதியச் சாப்பாடு கட்டுகிறார்கள். புது அடுப்பில் கட்டிய முதல் சாப்பாட்டையே டீச்சர்கள் வழித்துச் சாப்பிட்டார்களாம். ஒரே சந்தோஷம்.

ஒயர். திங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

திங்களும் போகவில்லை. என் வீட்டுக்காரி செல்வியின் தங்கைக்குச் சிங்கம்புணரியில் சீமந்தம். லீவு போட்டுச் சாப்பிட்டு வந்தேன். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அடுப்பு ஐந்து நாளாக ஓடுகிறது. ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் சோம்பல், எனக்கே தெரிகிறது. வெள்ளிக்கிழமை கண்டிப்பாக. அந்தப் பக்கம் ஒரு இன்வெர்ட்டர் வேலையும் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

இன்று காலை 6.50.

அக்கா வெள்ளிக்கிழமை அடுப்பு கழுவியிருக்கிறார்கள். முப்பது வருஷமாகக் கழுவுகிறவர்கள். விறகு அடுப்பைச் சாணியால் மெழுகினார்கள், கேஸ் அடுப்பைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். போன வெள்ளி புதுசு என்று பொட்டு மட்டும் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் மீன் குழம்பு வழிந்து காய்ந்திருந்ததாம். ஒரு சொம்பு தண்ணீர். துடைத்து, மாவில் கோலம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, பால் வைக்க சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். அடுப்புக்கு உள்ளே தண்ணீர். தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெறுங்கால். வலது கை தகட்டில் ஒட்டிவிட்டது.

அண்ணன் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு வந்து மெயினை அணைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தார்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐசியு.

நான் 8 மணிக்கு அதே தெருவுக்கு இன்வெர்ட்டர் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பையில் டெஸ்டர், டேப், எல்லாம் இருந்தது. அக்கா வீட்டுக்கும் போகிற எண்ணம்தான்.



ஜூன் 14, சனி

அண்ணன் மதுரையிலிருந்து போன். "சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. நீ போயி அந்த அடுப்பைப் பாத்துரு. யாரும் தொட்டுறக் கூடாது. ஒன்னத்தேன் நம்பிருக்கேன்."

போனேன். அடுப்பு மேல் கோலம் அப்படியே இருந்தது, பாதி கருகி. ஒரு மூலையில் குங்குமம். பெட்டியைத் திறந்தேன். என் ரெண்டு துண்டு ஒயர். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.

எடுத்தேன். சட்டைப் பையில் போட்டேன். ஆர்சிசிபியை ஒழுங்காக மாட்டினேன். சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. எவ்வளவு அருமையாக வேலை செய்கிறது.

இனி யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டம்மா சொன்னது: "படிச்சுப் படிச்சு நீங்க சொல்லிட்டுத்தேன் போனீக. அந்தப் பொம்பளைக்குத்தேன் கேக்கத் தெரியலை."

ஆமாம் என்று தலையாட்டினேன். தலை தானாக ஆடியது.

ஜூன் 16, திங்கள்

மதுரை. வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கையில் ரெண்டு விரல் எடுத்தாகிவிட்டது. நடுவிரல், மோதிர விரல். மூன்றாவது விரலை நாளைக்குப் பார்த்துச் சொல்வார்களாம்.

அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருக்கிறார். "கோட்டிக்காரி, புத்தி கெட்டவ. கழுவாதேன்னா கழுவுவா. கரண்டு வஸ்துன்னு தெரியாதா?" திட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டுகிறார்.

அக்கா என்னைப் பார்த்ததும் அழுதார்கள். "நீ சொல்லித்தான தம்பி போன. நாந்தேன் கேக்கலை. ஒனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

என்னிடம் மன்னிப்பு கேட்கிறார்கள். ரெண்டு விரல் இல்லாத கையால் கும்பிட முடியாமல் இடது கையைத் தூக்குகிறார்கள். வாயைத் திறந்தேன். "ஒடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்றுதான் வந்தது.

பஸ்ஸில் திருப்பத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

ஜூன் 18, புதன்

ஊர் முழுக்க இதே பேச்சு. டீக்கடையில் ஒருவர்: "வயசானா புத்தி மங்கிரும்ப்பா." அக்காவுக்கு ஐம்பத்திநாலு. அவர் அறுபத்தெட்டு.

இன்னொருவர்: "அடுப்புக்குக் கோலமாம், கோலம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

எனக்குள் ஓடும் வக்கீல் வாதம், எழுதியே பார்க்கிறேன். தண்ணீர் ஊற்றியது அக்கா. உண்மை. செருப்பு போடாதது அக்கா. உண்மை. விரிப்பு வாங்காதது அண்ணன். உண்மை. அவசரப்படுத்தியது அண்ணன். உண்மை. ஆனால் மனுஷர்கள் இதையெல்லாம் செய்வார்கள் என்று தெரிந்துதானே அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்? அது இருந்திருந்தால் ஒரு சுண்டு சுண்டியிருக்கும், அக்கா "ஆத்தாடி" என்று கையை உதறியிருப்பார்கள், எனக்குப் போன் போட்டுத் திட்டியிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

மூன்றாவது விரல் தப்பியது. நல்ல செய்தி.

ஜூன் 20, வெள்ளி

காலையில் செல்வி எங்கள் கேஸ் அடுப்பைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். காரணமே இல்லாமல் கத்திவிட்டேன். கோலப்பொடி டப்பா உருண்டு ஓடியது. பிள்ளைகள் இரண்டும் பயந்து நின்றன. பிறகு அவளிடம் எல்லாம் சொன்னேன்.

உருண்ட டப்பாவை எடுத்து வைத்தாள். பிறகு, "சொல்லிப்புடாதீக" என்றாள். "போலீசு, கேசுன்னு இழுப்பாக. ஒரு வீட்டுல ஒங்களை உள்ள விட மாட்டாக. விரலு திரும்பி மொளைக்கவா போகுது?"

அவள் சொன்னதில் ஒரு பொய் கூட இல்லை. அதுதான் கஷ்டம். தலையில் இருக்கிற கடன் கிடக்கட்டும், இந்தக் கைவேலை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அப்பா மர வேலை ஆசாரி. "ஒளிச்சு வைக்கிற இடத்துலயும் இழைச்சு வை" என்பார். அவரை ஏன் இப்போது நினைக்கிறேன். சனியன்.

சட்டைப் பை ஒயரைச் செல்வி துவைக்கும்போது எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை.

இன்று ரெண்டு வீட்டில் போய் ஆர்சிசிபி பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கூப்பிடாமலே. ஒரு வீட்டில் அதை மாட்டியதே நானில்லை. ஒருமாதிரி பார்த்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

கொஞ்சம் தூறல். மண் நனையக் கூட இல்லை.

கவிதா மதுரையிலிருந்து பேசினாள். "மாமா, அந்த அடுப்பைக் கழட்டி யாருக்காச்சும் குடுத்துருங்க. கேஸையும் கட் பண்ணிருங்க. அம்மாவை எங்கூடக் கூட்டிட்டுப் போயிருறேன். இனி அவங்களை அடுப்புகிட்ட விடுறதா இல்லை. அப்பா வீட்டைப் பூட்டிட்டு வந்துருவாரு."

டீச்சர்கள் சாப்பாடு? "அதெல்லாம் முடிஞ்சுது மாமா. அம்மாவை நம்ப முடியலை."

கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், அப்படியே கோயம்புத்தூர் வண்டி. வீட்டுக்குக் கூட வர மாட்டார்களாம். அம்மாவை நம்ப முடியாதாம். பதினைந்து வயசிலிருந்து ஆக்கிப்போடுகிறவர்கள். ஒரு கை போனாலும் இடது கையால் ஆக்கிவிடுவார்கள். பேர் போனால்?

செல்வி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மதுரைக்கு எப்பப் போறீக?" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

மதுரை. 9.40க்கு வார்டு. நேந்திரம்பழம் வாங்கிப் போனேன், எதற்கென்று தெரியவில்லை.

அக்கா விழித்திருந்தார்கள். அண்ணன் இட்லி பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன். ஆர்சிசிபி என்றால் என்ன, ஏன் விழுந்தது, நான் என்ன போட்டேன், ஏன் எடுக்கவில்லை, பிறகு சாவி வாங்கிப் போய் எப்படி எடுத்தேன். எல்லாம். நடுவில் நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தார். காத்திருந்து மிச்சத்தைச் சொன்னேன்.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. முதுகைக் காட்டிக்கொண்டே, "நாந்தானய்யா மணியப் பாத்துக் கத்துனேன்" என்றார். பிறகு, "பதினோரு நாளா இவளைத் திட்டிக்கிட்டு இருக்கேன். கேட்டுக்கிட்டு நிண்டியே" என்றார்.



அக்கா கேட்டது வேறு. "அப்ப நான் கழுவுனதால இல்லையா தம்பி?"

"தண்ணி ஊத்துனது தப்புத்தேங்கக்கா. ஆனா அதுக்கு வெரலு போயிருக்காது. அது என்னால."

"நான் கோட்டி இல்லைல?"

"இல்லக்கா."

அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வார்கள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. கடைசியில், "இதை அப்படியே எம்மககிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார்கள். அவர்கள் போனையே இடது கையால் நீட்டினார்கள்.

கவிதா கோயம்புத்தூர் திரும்பி ஆபீசில் இருந்தாள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். 

"மாமா, ஒங்களுக்கு இது எப்பத்துலருந்து தெரியும்?"

"மாட்டுன அன்னைலருந்தும்மா."