பொருந்தாத தம்பி

மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று, தமிழ் பேசும் ஒரு தாதி நம் அந்தோணியிடம் வந்து கேட்டாள்: "சார், தொப்புள்கொடி ரத்தத்த டொனேட் பண்றீங்களா, இல்ல டிஸ்போஸ் பண்ணிடலாமா?" அதில் ஸ்டெம் செல் இருக்கிறதாம், யாரோ ஒரு நோயாளிக்கு உதவுமாம். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டொனேட் பண்ணிடுங்க. யாருக்காச்சும் பொருந்தட்டும்" என்றான்.

பொருந்தட்டும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை தானாகப் பக்கத்து நாற்காலியைத் தேடியது. நீ அங்கே இல்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது, இன்னும் இந்தப் பழக்கம் விடவில்லை. மறுநாள் காலையில் நமக்குப் பேத்தி பிறந்தாள். நல்ல சேதியை உன்னிடம் சொல்ல உட்கார்ந்தவன், பழையதை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் பூன் லே வீட்டுக்குக் குடிவந்தோம். நான் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாய். அப்போது நமக்குப் பிள்ளை ரீத்தா ஒருத்திதான். பள்ளிவிட்டு வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொள்வதை நீதான் முதலில் கவனித்தாய். தொடையில் நீலமாகக் கன்றியிருந்ததைக் காட்டி, "எங்கயும் விழலமா" என்றாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது.

இரத்தப் புற்றுநோய் என்றார் அந்தச் சீன டாக்டரம்மா. மெதுவாக வளரும் வகை, சில ஆண்டுகள் மருந்தில் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் ஒரு நாள் வேகமெடுக்கும் என்றார். பிறகு எலும்பின் படம் ஒன்றை வரைந்து காட்டினார். எலும்புக்குள்ளே மஜ்ஜை. மஜ்ஜைக்குள்ளே, மற்ற எல்லா இரத்த அணுக்களையும் பெற்றுப்போடும் சில அணுக்கள். அவற்றுக்கு ஆங்கிலத்தில் அவர் சொன்ன பேரைத்தான் இந்தத் தாதியும் சொன்னாள். கெட்டுப்போன மஜ்ஜையை அழித்துவிட்டு இன்னொருவருடையதைச் செலுத்தினால் பிழைக்க வழியுண்டு, இங்கேயும் சீக்கிரம் அதைத் தொடங்கிவிடுவார்கள் என்றார். நம் இருவரையும் சோதித்தார்கள். இருவருடையதும் பொருந்தவில்லை. கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டு, "வேறு பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

வீட்டில் மீன் கழுவிக்கொண்டே நீதான் ஆரம்பித்தாய்.

"இன்னொண்ணு பெத்துக்கலாம்னு நினைக்கிறீங்க, அதானே?"

"நீ நினைக்கலியா?"

"நினைக்கிறேன். அதான் பயமா இருக்கு. அது புள்ளையா, மருந்தாங்க?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நீ சாமியாரிடம் தனியாகப் பேசப் போனாய். நான் வெளியே ரீத்தாவோடு நின்றேன். அவர் கனிவாகத்தான் பேசியிருக்கிறார். ஒரு பிள்ளையை அந்தப் பிள்ளைக்காகவே விரும்ப வேண்டும், இன்னொன்றுக்குக் கருவியாக அல்ல என்று சொல்லியிருக்கிறார். நீ முகம் சிவந்து வெளியே வந்தாய். வீடு வரும்வரை அடக்கி வைத்திருந்தாய்.

"புள்ளைக்காகவே எவ புள்ள பெத்தாளாம்? கல்யாணமாகி அஞ்சு வருஷம் இல்லாம இருந்தப்போ, ஊர் வாய அடைக்கணும்னுதானே ரீத்தாவுக்கு வேண்டிக்கிட்டேன்? அவ பொறந்தப்புறம் அதெல்லாம் எங்க போச்சு?" என்றாய். பிறகு குரல் இறங்கியது. "இது வந்தாலும் அப்படித்தாங்க இருக்கும். இருக்கணும்."

முப்பத்தெட்டு வயதில் கருவுற்றாய். நடுமாதங்களில் வேறொரு மருத்துவர் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். வயிற்றில் ஊசி செலுத்தி நீர் எடுத்தால், குழந்தையின் அணுக்கள் அக்காவுக்குப் பொருந்துமா என்று இப்போதே பார்த்துவிடலாம். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது, சொல்லவும் தேவையில்லை. பார்த்துவிடலாமே என்று என் மனம் ஓடியது உனக்குத் தெரியும். என்னைப் பார்த்தாய்.

"வேணாங்க. தெரிஞ்சுகிட்டா ஒரு ராத்திரியாவது வேண்டாம்னு யோசிப்பேன். அப்புறம் அது மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?"

ரீத்தாவிடம் நாம் எதையும் மறைக்கவில்லை. அவளிடம் மறைக்கவும் முடியாது. தேக்கா சந்தைப் பக்கம் குழந்தைத் துணி வாங்கப் போனபோது, மஞ்சள் சட்டை ஒன்றை அவளே எடுத்தாள். பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சொன்னாள்: "ம்மா, மேட்ச் ஆகலன்னா பாப்பாவத் திட்டக் கூடாது, ஓகே?" சிராங்கூன் சாலை நடைபாதையில், பூக்கடைக்கு முன்னால், அவ்வளவு பேர் போகிற வருகிற இடத்தில் நீ அவளைக் கட்டிக்கொண்டு நின்றாய். பூக்காரர் தன் முக்காலியை நகர்த்தி உனக்கு இடம் விட்டார்.

அந்தோணி பிறந்தான். கொடியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவைச் சொல்ல டாக்டரம்மா தானே மாடியேறி வந்தார். நீ அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். அவர் வாசலில் நின்ற விதத்திலேயே நமக்குப் புரிந்துவிட்டது. நீ குனிந்து அவனைப் பார்த்தாய். அவன் நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தான். "குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் அழுதுக்கறேன்" என்றாய்.

மாலையில் ரீத்தா வந்ததும் அவனைத் தூக்கி அவள் மடியில் வைத்தாய். விஷயத்தைச் சொன்னாய். அவள் அவன் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். "மேட்ச் இல்லாட்டி என்ன? என் தம்பிலா" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. அவன் அவள் இடுப்பில்தான் வளர்ந்தான். நடை பழகியதும் அவள் கையைப் பிடித்துத்தான். நோய் வேகமெடுத்தபோது அவளால் அவனைத் தூக்க முடியவில்லை; அவன் அவள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வான். ஒரு மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த ஒருத்தி உன்னைத் தேற்றுவதாக நினைத்து, ஒன்றை எடுத்த கடவுள் ஒன்றைக் கொடுத்திருக்கிறாரே என்றாள். "இவன் அவளுக்குப் பதில் இல்லக்கா. இவன் இவன்தான்" என்று சொன்னாய். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய்.

அந்தோணிக்குப் பதினான்கு வயதானபோது பள்ளியில் உயிரணுக்களைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். யாரோ உறவுக்காரர் அக்கா கதையை உளறியதும் அதோடு சேர்ந்துகொண்டது. சாப்பாட்டு மேசையில் நேராகக் கேட்டான்: "என்னை அக்காவுக்காகத்தான் பெத்தீங்களா?" இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். மழுப்ப நான்கைந்து வழிகள் வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"ஆமா. அக்கா பொழைக்கணும்னுதான் உன்னைப் பெத்தேன். நீ பொறந்த அன்னிக்கே அது நடக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் உன்னை வளத்ததுக்குக் காரணம் எதுவும் இல்லடா. நீ எங்க புள்ள, அவ்ளோதான்."

அவன் தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, "ஓகேமா" என்று எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு கீழே போனான். வெகுநேரம் கழித்து வந்தவன், குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். அப்போதுதான் நீ அடுப்படிக்குள் போய் அழுதாய்.

இப்போது வானொலியில் இதையெல்லாம் பற்றி விவாதிக்கிறார்கள். கருவிலிருந்து அணுக்களை எடுக்கலாமா, ஒரு பிள்ளையைக் காக்க இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டால் ஒருவர் ஆம் என்கிறார், இன்னொருவர் பாவம் என்கிறார். இருவருக்கும் எவ்வளவு உறுதி! நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், எந்தப் பக்கமும் சாய மாட்டேன். நோய்க்காரப் பிள்ளையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவளை நான் பார்த்திருக்கிறேன். அவளும் நீதான், வயிற்றில் ஊசி வேண்டாம் என்றவளும் நீதான்.

உன் கடைசி நாட்களில், மருந்து மயக்கம் தெளிந்திருந்த ஒரு மத்தியானம், திடீரென்று என்னிடம் கேட்டாய். "ஏங்க, அவனோடது பொருந்தியிருந்தா, அந்தப் பச்சப்புள்ள எலும்புல ஊசி போட நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?" நான் பதில் சொல்வதற்குள் நீயே சொன்னாய்: "போட்டிருப்பேன். பெரியவனானதும் அவன்கிட்ட மன்னிப்பும் கேட்டிருப்பேன்."

"அப்பா கையெழுத்தும் வேணும்லா" என்றேன்.

நீ சிரித்தாய். "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டிருக்கலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அந்தோணியிடம் கேட்கத் தேவையே வராமல் போன அந்த மன்னிப்பில் உன் பங்கும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.