கோரைக்கு யூரியா தூக்கி வந்த உன் மகன்

என் ஆசை முனியம்மா அக்காவுக்கு,

இதை உன் தம்பி தன் கையாலேயே எழுதுகிறேன், நம்புவாயா? இந்த வயதில் சூளகிரியில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. பொறுத்துப் படி.

சேதி உன் கீழ்க்காட்டைப் பற்றியது. மேலே தக்காளிக்கும் கோசுக்கும் போட்ட உரமெல்லாம் மழையில் கரைந்து ஏரியில் இறங்கி, தண்ணீர் பச்சைக் கூழாகிவிட்டதே! நம் பசு கெம்பி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுமே, நினைவிருக்கிறதா? அந்தத் தண்ணீரை வழியில் நிறுத்தத்தான் உன் நிலத்தின் மூலையைக் கொடுத்தாய். ஆழமில்லாத குட்டை வெட்டிக் கோரை நட்டோம். உரத்தைக் கோரையும் சேறும் தின்றுகொள்ளும், தெளிந்தது ஏரிக்குப் போகும் என்று விவசாய ஆபீசில் சொன்னார்கள்.

உன் மகன் நாகராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. "தக்காளி வெளையிற பூமியக் கொசுவுக்கா குடுத்த?" என்று உன்னிடமே கத்தினான். நீ கண்ணை மூடிய பிறகு, "இந்தக் கோடைக்குள்ள ஏரி தெளியலன்னா மண்ணத் தள்ளி மூடிருவேன் மாமா" என்றான். நிலம் இப்போது அவனுடையது. நான் என்ன சொல்ல முடியும்?

போன வாரம் குட்டைக்குப் போனால், ஓசூர் கம்பெனி யூனிபார்மோடு அவன் கரையில் நிற்கிறான். பக்கத்தில் ஒரு மூட்டை. மண்ணோ? மூடத்தான் வந்துவிட்டானோ? கிட்டே போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். யூ... ரி... யா.

"என்னடா மாப்ள இது?"

"ஏரிப்பக்கம் கோரையெல்லாம் வெளுத்துப் போச்சு மாமா. பாக்க மனசு கேக்கல. ரெண்டு புடி போடலாம்னு..."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தேன் அக்கா! "அட கிறுக்கா, யூரியாவத் தின்னத்தானே அத நட்டோம்! மேல் வரிசையில நிக்கிற கோரையே எல்லாத்தயும் தின்னுட்டுது. கடைசி வரிசைக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அதான் வெளுத்திருக்கு."

கோரையைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஏரித் தண்ணி?"

"என்னக் கேக்காத. கெம்பியக் கேளு."

கெம்பியை ஏரிக்கரைக்கு ஓட்டி வந்தோம். மோந்தது. யோசித்தது. பிறகு காதை ஆட்டிக்கொண்டு குடித்தது, அக்கா, வயிறு நிறையக் குடித்தது! உன் மகன் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே, "கோரைய எப்ப அறுக்கணும் மாமா?" என்றான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முற்றியதும் இருவருமாக அறுப்போம். அறுத்து வெளியே போட்டால்தான் தின்ற உரம் திரும்பத் தண்ணீரில் சேராதாம். அதுவரை, கடைசி வரிசை எவ்வளவு வெளுத்தாலும் அதன்மேல் ஒரு பிடி உரம் விழாமல் உன் மகனைக் காவல் காப்பேன். சத்தியம்.

உன் முதுகிலேயே வளர்ந்த தம்பி,
கிருஷ்ணப்பன்