மீட்டருக்குள் மஞ்சள் விளக்கு

உடுமலைப்பேட்டை,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள செவ்வந்திக்கு,

மாசாணம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் மகள் கயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சித்திரையில் நீ கடைசியாகப் பேசினாய். அதற்குப் பிறகு உன் போனுக்கு அடித்தால் மணி போகிறது, உடனே கட் ஆகிறது.

சோமனூர்ப் பெண் ஒருத்தி, லோகப்பிரியா என்று பெயர், மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறது. லீவுக்கு வந்தது, நாளைக்குத் திரும்பிப் போகிறது. நீ வேலை செய்யும் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். கேட்டுக்குள்ளே விடுவாங்களான்னு தெரியலீங்கண்ணா, ஆனாப் போயி நின்னு பாக்கறேனுங்க என்றது. அதன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வண்டிச் சங்கதியை உனக்குச் சொல்ல வேண்டும். ஆனியில் மதுக்கரைக்குப் போனேன். உன்னை அனுப்பிவைத்த ஏஜென்ட், நேரில் வந்தால் அந்த வீட்டுக்காரர்களோடு பேச வைக்கிறேன் என்று சொல்லியிருந்தான். கோயமுத்தூருக்குத் தேங்காய் லோடு ஒன்று இருந்தது, அதோடு சேர்த்துக் கிளம்பினேன். கிணத்துக்கடவு தாண்டினதும் மீட்டருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது, இன்ஜின் படம் போட்டிருக்குமே, அது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. சைக்கிள்காரர்கூட முந்திப் போனார். ஓரமாகவே உருட்டிக்கொண்டு போய், லோடை இறக்கிவிட்டு, மதுக்கரை சேர்ந்தால் ஆபீஸ் பூட்டியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், இப்பத்தானுங்க பூட்டிட்டுப் போனாரு என்றார்.

மறுநாள் வண்டியைப் பாலகோபால் பட்டறையில் விட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்ன மெஷின் ஒன்றைச் சொருகிப் பார்த்தார். டீசல் பிரஷர் பத்தவில்லை என்று காட்டுகிறதாம். ஃபில்டரை மாற்றினார், விளக்கு அணைந்தது. அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. ரெண்டு நடை ஓடினேன், திரும்ப எரிந்தது. சென்சாருக்குப் போகிற வயரை எலி கடித்திருந்ததாம், அதைச் சேர்த்துக் கட்டினார். அணைந்தது, மறுபடியும் எரிந்தது. பாவம், அவரும் சலிக்காமல் பார்த்தார். மெஷினு இந்தப் பக்கமாப் பாருன்னுதான் சொல்லுமுங்கண்ணா, கோளாற நாமதான் தேடோணும் என்றார்.

இதற்கு நடுவில் பஸ் ஏறி மதுக்கரைக்கு இன்னொரு தடவை போனேன். ஆபீஸ் போர்டையே கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் யாரோ செல்போன் கவர் கடை போட மரவேலை நடக்கிறது. ஏஜென்ட் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. திருப்பூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுக் கொடுத்தேன். தூதரகத்துக்கு அனுப்பிவைப்பதாக மரியாதையாகத்தான் சொன்னார்கள். உன் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். என்னிடம் இல்லை.

போன வாரம் பாலகோபால் நாலு இன்ஜெக்டருக்கும் நாலு பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். எந்த இன்ஜெக்டரிலிருந்து டீசல் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று பார்க்கிற சோதனை அது. மூன்றாவது பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தது. கோளாறு பிடிபட்டுவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை. அந்த இன்ஜெக்டரைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தார், துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே ஒழுகி, பிஸ்டனக் கருக்கிப்போட்டுதுங்கண்ணா, சிலிண்டரும் கீறிப் போச்சு, பழைய வண்டி, பிரிச்சு வேலை செஞ்சாலும் நிக்காதுங்க என்றார். வேறு யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டேன். கோவிக்கவில்லை. கோயமுத்தூர்ல யாருகிட்ட வேணும்னாலும் காட்டலாமுங்க, நானே கூட வாரேன் என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

வண்டி பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. இப்போது நான் கவுண்டர் களத்தில் தேங்காய் உரிக்கப் போகிறேன். எந்த வேலையை விட்டு வெளியே வர வேண்டும் என்று நீயும் நானும் வண்டி வாங்கினோமோ, அதே வேலை. நான் போய் நின்றதும் கடப்பாரையை எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.

கயல் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். சோறாக்குவது அவள்தான், ரசம் உன் ரசம் மாதிரியே வருகிறது. முன்னெல்லாம் அம்மா பேசுனாங்களாப்பா என்று தினம் கேட்பாள். ஆடியில் உன் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு கேட்பதில்லை. ஐ ஆம் ஃபைன், டோன்ட் கால் என்று இங்கிலீஷில் இருந்தது. அவள்தான் படித்துச் சொன்னாள். உனக்கு இங்கிலீஷ் எழுத வராது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் அந்த மெசேஜை யாரிடமும் காட்டவில்லை.

வண்டி போனதை நினைத்து நீ வருத்தப்படாதே. சம்பளத்தைப் பற்றியும் அங்கே யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம். விட்டால் போட்ட துணியோடு வந்துவிடு. விடவில்லையென்றால், இந்தத் தாளின் பின்பக்கத்தை உனக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன். லோகப்பிரியா பேனா தரும். பெரிசாக ஒன்றும் எழுத வேண்டாம் அம்மணி. உன் பேரை மட்டும் உன் கையால் எழுதிக் கொடு. கோணலாக இருந்தாலும் போதும், எனக்கு அடையாளம் தெரியும்.

மாசாணியாத்தா உன் கூடவே இருக்கட்டும்.

உன் எழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
மாசாணம்.