அவர் சொல்லி வச்ச குதிரை

ஒலக்கூர்
15.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி அம்சவள்ளி எழுதுறது.

போன் பண்ணா எடுக்க மாட்டீங்க, அதான் கடுதாசி. அஞ்சாவது படிச்ச கை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க வூட்டுக்காரரு தவறிப்போன அன்னிக்கு நீங்க தெரு முனை வரைக்கும் வந்து நின்னுட்டு திரும்பிட்டீங்கன்னு சொன்னாங்க. திருவக்கரை கோயில்ல வெண்ணிலாவுக்கு காது குத்தினப்போ, உங்க பஸ்சு கூட்டேரிப்பட்டுல நின்னுபோய் நேரமாச்சுன்னு புள்ளைய பங்காளி மடியில உக்கார வச்சிட்டோம். தாய்மாமன் இருக்க அப்படி பண்ணது தப்புதான். அன்னியிலிருந்து நீங்க எங்க வாசப்படி மிதிக்கல. ஒம்பது வருசமா அதுக்கு அழுதேன். இப்போ அவருக்கும் சேத்து அழுவுறேன்.

ஆனா எழுத வந்தது வேற. நேத்து பகல்ல மல்லாட்டை உரிச்சி கடலைய மொறத்துல போட்டுக்கினு இருந்தேன். பஞ்சர் கடையில வேலை இல்லாதப்போ அவரு போன்ல செஸ் ஆடுவாரு. அந்த ஆட்டத்த தெறந்து வச்சிக்கினு வெண்ணிலா பக்கத்துல உக்காந்திருந்தா. டொக்குனு ஒரு சத்தம். எதிராளியோட ராணி நகந்துச்சு. நாங்க கண்ண சிமிட்டறதுக்குள்ள அவரோட வெள்ளைக் குதிரை காயெல்லாம் தாண்டி எகிறி குதிச்சுது. யாரும் தொடல அண்ணா. என் கையெல்லாம் மல்லாட்டை தோலு. சூடம் ஏத்தி அந்த போன கும்பிட்டேன்.

எதிராளி யாருன்னு வெண்ணிலா தொட்டு காமிச்சா. போட்டோவுல காக்கி சட்டையில, டிக்கெட் பையோட நீங்க. ரெண்டு வருசமா அவரு உங்களோடதான் ஆடிக்கினு இருந்திருக்காரு. அண்ணிக்கு கால் ஒடஞ்சத அவரு வந்து சொன்னப்போ, "உனக்கு எப்படிய்யா தெரியும்"னு கேட்டேன். சிரிச்சாரு.

குதிரைய யாரு நகத்தினது? தெரிஞ்சா எழுதுங்க. இருவத்தொண்ணாந் தேதி கருமாதி. பொறந்த வூட்டு கோடிப் புடவை இல்லாமலே உக்காந்துடுவேனோன்னு இருக்கு.

அம்சவள்ளி

விழுப்புரம்
18.7.2025

அம்சா,

உன் கடுதாசிய டிப்போவுல நின்னுக்கினே படிச்சேன். அப்புறம் டூட்டி பாக்க முடியல.

'குதிரைக்காரன்'னு பேரு போட்டுக்கினு ஆடினது மச்சானா? ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் "வூட்ல எல்லாரும் சௌக்கியமா"ன்னு எழுதுவாரு. "உனக்கு எதுக்குய்யா, ஜல்தி ஆடு"ன்னு திட்டுவேன். உங்க அண்ணிக்கு கால் ஒடஞ்சத ஒரு நாள் நானே சொல்லித் தொலைச்சிருக்கேன்.

அது ஆவி இல்லம்மா. எதிராளி இந்த காய இங்க வச்சா நான் இப்படி போவேன்னு அந்த போன் ஆட்டத்துல முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கண்ண மூடறதுக்கு முன்ன சொல்லி வச்சிருக்காரு. நான் ராணிய எங்க வைப்பேன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. என் ராஜாவுக்கு செக்கு, அதே குதியில ராணிக்கும் குறி. நான் நெனைக்கப் போறதுக்கு பதில் எழுதி வச்சிட்டு போயிட்டாரு மனுசன்.

இப்போ என் முறை. ராஜாவ நகத்தித்தான் ஆவணும், அப்புறம் அவரு குதிரை என் ராணிய வெட்டிடலாம். அடுத்த குதியும் சொல்லி வச்சிருக்காரான்னு தெரியல. கருமாதிக்கு கோடியோட வர்றேன். உன் எதிர்லயே நகத்தறேன்.

தேவநாதன்

ஒலக்கூர்
2.8.2025

அன்புள்ள அண்ணா,

அண்ணிய கேட்டதா சொல்லுங்க. போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் மறுபடியும் கடுதாசி.

நீங்க வாசப்படி தாண்டி உள்ள வந்து கோடி போட்டீங்க. வெண்ணிலா "மாமா, ஆட்டம்"னு போன நீட்டினா. நீங்க ராஜாவ நகத்தினீங்க. மூணு பேரும் பாத்துக்கினே இருந்தோம். குதிரை நின்ன எடத்துலயே நின்னுச்சு. "அவ்ளோதான் சொல்லி வச்சாரு"ன்னு துண்டால மூஞ்சிய மூடிக்கினீங்க. போவறப்போ, "பதினாலு நாள்ல ஆடலன்னா ஆட்டம் போயிடும். ராணிய வெட்டிடு, மச்சான் ஜெயிக்கட்டும்"னு சொன்னீங்க.

அன்னியிலிருந்து குதிரை போற வழிய வெண்ணிலாகிட்ட கத்துக்கினேன். ரெண்டு கட்டம் நேரா போய் பக்கத்துல ஒண்ணு. மத்த காயெல்லாம் வழிய அடைச்சா நின்னுடுது. இது மட்டும் யாரு நின்னாலும் தாண்டிடுது. என்னா காயி அண்ணா அது! யாரு நெனைச்சு பண்ணாங்களோ.

இன்னிக்கு காலையில வெரல் வச்சேன். "வெட்டும்மா, வெட்டு"ன்னு வெண்ணிலா குதிச்சா. நான் குதிரைய அது வந்த எடத்துக்கே திருப்பிட்டேன். "அப்பா ஜெயிச்ச ஆட்டத்த கெடுத்துட்டியே"ன்னு தலையில அடிச்சிக்கினா.

ராஜா பக்கத்துல ராணி இருந்துட்டு போவட்டும் அண்ணா.

இப்போ உங்க முறை. பதினாலு நாள் இருக்கு. மெதுவாவே ஆடுங்க.

அம்சா